பாலில் வாடை வந்தால் பால் கெட்டுவிட்டதா?

தொலைக்காட்சி மன்றத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்



இன்றைக்கு நான் பேச எடுத்துக்கொண்டது பால். ஒப்பனை அறையில் ஒரு நண்பர் கேட்டார், "ஏம்மா, பாலைப் பற்றிப் பேச அப்படி என்ன இருக்கிறது?" என்று. நான் மருத்துவர் இல்லை. உணவு விஞ்ஞானியும் இல்லை. மக்கள் தொடர்புத் துறையில் பட்டயம் வாங்கிவிட்டுப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாகக் கேமராவுக்கு முன்னால் நிற்கிறவள். தெரிந்தவர்களிடம் கேட்டு, புத்தகத்தைப் புரட்டி, எனக்குப் புரிந்த பிறகு உங்களுக்குச் சொல்வதுதான் என் தொழில். ஆனால் பாலைப் பற்றிப் பேச எனக்கு ஒரு சொந்தக் காரணமும் இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் மூத்த மகளுக்கு நான்கு மாதம் ஆனபோது, பேறுகால விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பினேன். அதற்கு மூன்று வாரம் முன்பிருந்தே இரவு இரண்டு மணிக்கும் விடியற்காலை ஐந்து மணிக்கும் எழுந்து, தாய்ப்பாலைப் பீய்ச்சி, பையில் அடைத்து, தேதி எழுதி, உறைபெட்டியில் அடுக்கி வைத்தேன். மொத்தம் 14 பைகள். வீட்டில் வேறு யாரும் அந்தத் தட்டில் ஐஸ்கிரீம் வைக்கக்கூடாது என்று சட்டமே போட்டிருந்தேன்.

முதல் நாள் படப்பிடிப்பு. பகல் பன்னிரண்டு மணிக்கு என் மாமியாரிடமிருந்து அழைப்பு. "பிள்ளை பாலை வாயில் வைத்தாலே துப்புதும்மா. நானும் மோந்து பார்த்தேன். சோப்பு வாடை அடிக்குது. போத்தலைச் சரியா அலசினியா?" என்றார். "நல்லா அலசினேன் அத்தை, வேற பையை எடுத்துப் பாருங்க" என்றேன். வேறு பையிலும் அதே வாடை. மாலை வீட்டுக்கு ஓடிவந்து நானே ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். சோப்பு நுரையும் துருப்பிடித்த இரும்பும் சேர்ந்த மாதிரி ஒரு சுவை. "பால் கெட்டுப்போச்சு, பிள்ளைக்குக் கொடுக்காதே" என்றார் அத்தை. அவர் சொன்னதில் தப்பில்லை. தெரிந்த பெண்மணி ஒருவர், "உன் பாலிலேயே ஏதோ கோளாறு" என்று வேறு சொல்லிவிட்டார். 14 பையையும் கத்தரித்துக் கத்தரித்துத் தொட்டியில் ஊற்றினேன். அன்று அழுத மாதிரி நான் வேறு எதற்கும் அழுததில்லை. மறுநாளே பால்மாவுக்கு மாறிவிட்டோம்.

அந்தப் பால் கெட்டுப்போகவில்லை. இது எனக்குத் தெரியவந்தபோது இரண்டு மாதம் ஆகிவிட்டது, பாலும் வற்றிவிட்டது.

ஆகவே நேயர்களே, பாலில் ஏன் சில வேளை ஒரு மாதிரி வாடை வருகிறது என்பது எனக்கு வெறும் பொது அறிவுக் கேள்வி இல்லை.

முதலில் நம் வட்டாரத்திலிருந்தே தொடங்குவோம். தேக்கா பக்கம் போகிறவர்கள் தெருப் பெயர்களைக் கவனித்திருக்கிறீர்களா? பஃபலோ ரோடு, கெர்பாவ் ரோடு, லெம்பு ரோடு. எருமை, எருமை, மாடு! பெலிலியோஸ் ரோடு இருக்கிறதே, அது கல்கத்தாவிலிருந்து வந்து இங்கே மாட்டு வியாபாரத்தில் கொடிகட்டிப் பறந்த பெலிலியோஸ் என்பவரின் பெயர். ரோச்சோர் ஆற்றுத் தண்ணீரும் புல்லும் இருந்ததால் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த இடமே மாட்டுப்பட்டியாக இருந்தது. கண்டாங் கெர்பாவ் என்றால் மலாயில் எருமைத் தொழுவம். அந்தப் பெயரைத்தான் நாம் சுருக்கி "கேகே" என்கிறோம். 1924-ல் பிள்ளைப்பேற்று மருத்துவமனையாக மாறி, 1966-ல் ஒரே ஆண்டில் 39,835 குழந்தைகள் பிறந்து கின்னஸ் புத்தகத்தில் ஏறிய மருத்துவமனைக்குப் பெயர் எருமைத் தொழுவம்! பாலுக்கும் பிள்ளைக்கும் இப்படி ஒரு பொருத்தம் வேறு எந்த ஊரில் அமையும்?

என் தாத்தா சிராங்கூன் சாலையில் வளர்ந்தவர். பால்காரர் வீட்டுக்கே கொண்டுவந்து பித்தளைச் சொம்பில் அளந்து ஊற்றிய காலத்தைப் பார்த்தவர். "சில நாள் காப்பியில வெங்காய வாடை வரும். மாடு சந்தைக் கழிவைத் தின்னிருக்கும்" என்பார். கதை விடுகிறார் என்று நினைத்திருக்கிறேன். பிறகு படித்துப் பார்த்தால் தாத்தா சொன்னது அப்பட்டமான உண்மை. மாடு தின்கிற வெங்காயம், பூண்டு போன்றவற்றின் வாடைப்பொருள்கள் இரத்தத்தில் கலந்து மடிக்குப் போய்ச் சேருகின்றன. தின்னக்கூட வேண்டாம், அந்த வாடையைச் சுவாசித்தாலே போதும். நுரையீரல் வழியாக இரத்தத்துக்குப் போய், அரை மணி நேரத்துக்குள் பாலில் தெரிய ஆரம்பித்துவிடுமாம். அதனால்தான் விவரம் தெரிந்த பண்ணைக்காரர்கள் வாடையுள்ள தீவனத்தைக் கறப்பதற்கு முன் போடாமல், கறந்த பிறகு போடுவார்கள். மாட்டுக்கு மடிநோய் வந்தால் பால் உப்புக் கரிக்கும், இனிப்பு குறையும். கன்று போட்டுப் பல மாதம் ஆகி, பால் வற்றும் தறுவாயிலும் அப்படித்தான்.

இப்போது பெரும்பாலும் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, மலேசியா, தாய்லாந்து என்று பல இடங்களிலிருந்து பால் வருகிறது. பல பண்ணைப் பால் ஒன்றாகக் கலந்து, சூடாக்கி, பெட்டியில் அடைத்து வருவதால் வெங்காய வாடைக்கு இடமில்லை. வேறு வாடைகளுக்கு இடம் இருக்கிறது.

அதில் ஒன்றை நான் இதே மாதிரி ஒரு படப்பிடிப்புத் தளத்தில் கண்டுபிடித்தேன். காலை உணவைப் பற்றிய ஒரு நிகழ்ச்சி. என் முன்னால் கண்ணாடித் தம்ளரில் பால். "குடித்துவிட்டுச் சிரிக்க வேண்டும்" என்றார் இயக்குநர். முதல் தடவை ஒலி சரியில்லை, இரண்டாம் தடவை நான் உளறினேன், மூன்றாவது தடவை விளக்கை மாற்றினார்கள். இப்படியே ஒரு மணி நேரத்துக்கு மேல் போய்விட்டது. தளம் குளிராகத்தான் இருந்தது, பாலும் இன்னும் சில்லென்றுதான் இருந்தது, நடுவில் புதிய ஐஸ்கட்டி வைத்த தட்டில் வைத்திருந்தார்கள். கடைசியில் வாயில் வைத்தால் முடி கருகின மாதிரி, நனைந்த அட்டைப்பெட்டி மாதிரி ஒரு சுவை. சிரித்தேன், சம்பளம் வாங்குகிறேனே! பெட்டியில் மிச்சமிருந்த அதே பாலைப் பிறகு குடித்துப் பார்த்தேன். நன்றாக இருந்தது.

குற்றவாளி வெளிச்சம். பாலில் ரைபோஃபிளேவின் என்ற பி2 வைட்டமின் நிறைய இருக்கிறது. அது வெளிச்சத்தை இழுத்துக்கொள்ளும். இழுத்த சக்தியை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், பால் புரதத்தில் உள்ள கந்தகம் கலந்த பகுதியைச் சிதைக்கும். கருகல் வாடை அதிலிருந்து வருவது. அப்புறம் கொழுப்பும் காற்றிலுள்ள பிராணவாயுவோடு சேர்ந்து காறிப்போகும். அட்டைப்பெட்டி வாடை அது. இதில் கிருமிக்கு எந்தப் பங்கும் இல்லை. பேரங்காடியில் குளிர்பெட்டியின் முன்வரிசையில் விளக்குக்கு நேர்கீழே இருக்கிற வெள்ளைப் பிளாஸ்டிக் போத்தலுக்கும் இது நடக்கும். நான் இப்போதெல்லாம் பின்வரிசையில் கைவிட்டு எடுக்கிறேன். காலாவதித் தேதிக்காக என்று பக்கத்தில் நிற்கும் அம்மாக்கள் நினைத்துக்கொள்கிறார்கள். அதுவும் உண்டு, வெளிச்சமும் உண்டு. ஒளி புகாத அட்டைப்பெட்டியாக இருந்தால் இந்தக் கவலை இல்லை.

வீட்டில் செய்து பார்க்க விரும்பும் மாணவர்கள் இருந்தால், ஒரே பாலை இரண்டு தம்ளரில் ஊற்றி, இரண்டையும் மூடி, ஒன்றை மட்டும் அலுமினியத் தாள் சுற்றிச் சன்னலோரம் அரை மணி நேரம் வையுங்கள். நாக்கே சொல்லிவிடும்.

அடுத்தது, இந்தியாவிலிருந்து வரும் நம் உறவினர்கள் சொல்கிற புகார். "உங்க ஊர்ப் பால் என்ன, காய்ச்சுறதுக்கு முன்னாடியே காய்ச்சின மாதிரி இருக்கு?" பெட்டியில் வந்து மாதக்கணக்கில் வெளியே இருக்கும் யுஎச்டி பாலைத்தான் சொல்கிறார்கள். அதை 135 டிகிரிக்கும் மேலே சில நொடிகள் சூடாக்குகிறார்கள். சாதாரணமாகப் பதப்படுத்தும் பாலுக்கு 72 டிகிரியில் 15 நொடி. அந்த உச்சச் சூட்டில் புரதத்திலிருந்து கந்தக வாயு இலேசாகக் கிளம்பும். அதுதான் காய்ச்சின வாடை. அது கெடுதல் இல்லை. இங்கே பிறந்த பிள்ளைகளில் பலர் அதைத்தான் பால் வாசனை என்றே நினைக்கிறார்கள். லாக்டோஸ் நீக்கிய பால் ஏன் சர்க்கரை போட்ட மாதிரி இருக்கிறது என்று ஒரு நேயர் கேட்டிருந்தார். அதில் சர்க்கரை சேர்க்கவில்லை ஐயா. பாலில் உள்ள சர்க்கரையையே இரண்டாக உடைக்கிறார்கள். உடைந்த துண்டுகளுக்கு இனிப்பு கூடுதல், அவ்வளவுதான்.

குளிர்பதனப் பெட்டியில் பாலைத் திறந்தபடி வைத்துவிட்டுப் பக்கத்திலேயே சம்பால் பெலாச்சானையும் டுரியானையும் வைப்பவர்களுக்கு நான் எதுவும் சொல்லத் தேவையில்லை.

சரி, என் 14 பைக்கு வருகிறேன். பாலில் கொழுப்பு கண்ணுக்குத் தெரியாத சிறு உருண்டைகளாக, மெல்லிய தோல் போர்த்தி மிதக்கிறது. லைப்பேஸ் என்று ஒரு நொதி உண்டு. கொழுப்பை உடைப்பது அதன் வேலை. தாய்ப்பாலில் அது இயற்கையாகவே இருக்கிறது. பச்சைக் குழந்தையின் வயிற்றால் கொழுப்பை முழுமையாகச் செரிக்க முடியாது என்பதால் தாயே கூடவே அனுப்பிவைக்கிற உதவியாள் அது. குழந்தை நேராகக் குடித்தால் அது வயிற்றுக்குள் வேலை செய்யும். நாம் பையில் அடைத்து வைத்தால் பைக்குள்ளேயே வேலையைத் தொடங்கிவிடும். உறைபெட்டிக்குள் கூட அது முழுக்கத் தூங்குவதில்லை, மெல்ல மெல்ல உடைத்துக்கொண்டே இருக்கும். உடைந்து வருபவை கொழுப்பு அமிலங்கள். அதில் லாரிக் அமிலம் என்று ஒன்று, தேங்காயெண்ணெய்ச் சோப்புக்கு மூலப்பொருள். அப்படியானால் சோப்பு வாடை என்று என் மாமியார் சொன்னது உவமை இல்லை! சரியான மோப்பம்!

மாட்டுப் பாலிலும் இதே கதைதான். கறந்த பாலைக் காய்ச்சாமல் போட்டு அலசிக் குலுக்கினால் கொழுப்பு உருண்டையின் தோல் கிழிந்து, லைப்பேஸ் உள்ளே புகுந்து, கசப்பும் வாந்தி வாடையும் வந்துவிடும். ஆட்டுப்பாலின் வாடைக்கும் இப்படிப்பட்ட அமிலங்களே காரணம். அவற்றில் மூன்றுக்குப் பெயரே ஆட்டைக் குறிக்கும் "காப்ரா" என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. காப்ரோயிக், காப்ரிலிக், காப்ரிக். விஞ்ஞானிகளுக்கும் மூக்கு இருக்கிறது.

சில தாய்மாரின் பாலில் இந்த வாடை விரைவாக வருகிறது, சிலருக்குப் பல வாரம் ஆகியும் வருவதில்லை. முறையாகச் சேமித்த பாலில் இது வந்தால் குழந்தைக்குத் தீங்கு இல்லை. பல குழந்தைகள் கண்டுகொள்ளாமல் குடித்துவிடும். என் மகள் கண்டுகொண்டாள். வழி இருக்கிறது. பீய்ச்சியவுடன் பாலைப் பாத்திரத்தில் ஊற்றி, ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழி வரும்வரை மட்டும் சூடாக்கி, பொங்கவிடாமல் இறக்கி, சட்டென்று குளிரவைத்து, பிறகு உறைய வைக்க வேண்டும். அந்தச் சூட்டில் லைப்பேஸ் செயலிழந்துவிடும். பாலிலுள்ள நோயெதிர்ப்புச் சத்தும் ஓரளவு குறையும் என்பதால், பிள்ளை மறுத்தால் மட்டுமே செய்ய வேண்டிய வேலை இது. வாடை வந்த பிறகு சூடாக்கிப் பயன் இல்லை. ஆகவே முதலில் ஒரே ஒரு பையை உறையவைத்து, ஒரு வாரம் கழித்து எடுத்துக் கொடுத்துப் பார்க்கலாம். மூன்று வாரத் தூக்கத்தை 14 பையில் போட்ட பிறகு கண்டுபிடிக்கத் தேவையில்லை. பேறுகால மருத்துவமனைகளில் தாய்ப்பால் ஆலோசகர்கள் இருக்கிறார்கள், கேளுங்கள். 2017-ல் கேகே மருத்துவமனையில் தாய்ப்பால் வங்கியே தொடங்கினார்கள். குறைமாதத்தில் பிறந்த சிசுக்களுக்காக மற்றத் தாய்மார்கள் கொடுக்கும் பாலைப் பதப்படுத்தி வைக்கிறார்கள். எருமைத் தொழுவம் என்ற பெயருள்ள இடத்தில் மனிதப் பால் வங்கி!

"கெட்டுப்போச்சு, மாவுப்பாலுக்கு மாறு" என்று நான் சுலபமாக மாறினேனே, அதற்குப் பின்னால் ஒரு பழைய கதையும் இருக்கிறது. நம் ஊர் வெப்பத்தில் கறந்த பால் சில மணி நேரம்கூடத் தாங்காது. குளிர்பதனப் பெட்டி இல்லாத காலத்தில் சர்க்கரையில் ஊறிய டின்பால்தான் கெடாமல் இருந்தது. அந்தப் பழக்கம்தான் இன்றும் காப்பிக்கடைத் தேநீரில் இருக்கிறது. 1930-களில் கோல்ட் ஸ்டோரேஜ் நிறுவனம் புக்கிட் தீமா பக்கம் பால் பண்ணையே நடத்தியது. இன்று அங்கே டெய்ரி ஃபார்ம் இயற்கைப் பூங்கா இருக்கிறது, பழைய மாட்டுக்கொட்டகை ஒன்றைக் கல்வி நிலையமாக மாற்றியிருக்கிறார்கள். ஆனால் டின்பால்தான் ஏழை வீட்டுக்கு எட்டியது. தாதியர் போல உடையணிந்த பெண்களை வீடுவீடாக அனுப்பி, கைக்குழந்தைக்கும் அதைக் கொடுக்கச் சொன்னார்கள். சிசிலி வில்லியம்ஸ் என்ற மருத்துவர் அப்போது சிங்கப்பூரில் இருந்தார். 1939-ல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் எழுந்து நின்று, "பாலும் கொலையும்" என்ற தலைப்பிலேயே பேசினார். தாய்ப்பாலை விட்டுவிட்டுச் சர்க்கரைப் பாலைக் குழந்தைக்குக் கொடுக்கத் தூண்டுவதால் குழந்தைகள் சாகின்றன என்று, பிரமுகர்கள் நிறைந்த சபையில் சொன்னார். அந்தப் பாலில் எந்த வாடையும் இல்லை. தித்திப்பாக இருந்தது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நாக்கை நம்பி நாம் இரண்டு பக்கமும் ஏமாறுகிறோம். 2008-ஆம் ஆண்டு உங்களுக்கு நினைவிருக்கும். சீனாவில் தண்ணீர் கலந்த பாலில் புரதம் கூடுதலாகக் காட்டுவதற்காக மெலமைன் என்ற இரசாயனத்தைக் கலந்தார்கள். ஆறு குழந்தைகள் இறந்தன, ஏறக்குறைய மூன்று லட்சம் குழந்தைகள் நோயுற்றன. இங்கே அப்போதிருந்த வேளாண், உணவு, கால்நடை மருத்துவ ஆணையம் அந்த செப்டம்பரில் சீனப் பால் பொருள்கள் அனைத்துக்கும் தடை விதித்தது. நாமெல்லாம் சின்ன வயதில் தின்ற வெள்ளை முயல் மிட்டாயிலும் மெலமைன் இருந்தது. யாராவது நாக்கில் கண்டுபிடித்தார்களா? இந்தியாவில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் 6,432 பால் மாதிரிகளைச் சோதித்தது. கைப்பேசியில் வலம்வரும் காணொளிகளைப் பார்த்தால் பாதியாவது விஷம் என்று தோன்றும். ஆபத்தான கலப்படம் இருந்தது 12 மாதிரிகளில். ஆனால் பூஞ்சை பிடித்த தீவனத்தால் வரும் அஃப்ளடாக்சின் என்ற நச்சு, அளவுக்கு மேல், 5.7 விழுக்காட்டு மாதிரிகளில் இருந்தது. அதற்கும் சுவையில்லை, வாடையில்லை. இதற்கெல்லாம் ஆய்வுக்கூடம்தான் வேண்டும்.

அப்படியானால் மூக்குக்கு வேலையே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. புளித்த வாடை வந்தால் அது கிருமியின் வேலை, பாலின் சர்க்கரையை அது அமிலமாக்கிவிட்டது. அடுப்பில் வைத்ததும் திரிந்தால் அதுவும் அதுவே. நம் வீடுகளில் எந்தப் பாலையும் காய்ச்சிப் பார்க்கிற பழக்கம் நல்ல சோதனை. இலேசாகப் புளித்த பால் சும்மா இருக்கும்போது தெரியாது, சூடு பட்டால் காட்டிக்கொடுத்துவிடும். குளிரிலேயே வளரும் கிருமிகளும் உண்டு. அவை விட்டுச்சென்ற நொதிகள் பாலைப் பதப்படுத்திய பிறகும் பிழைத்திருந்து, புரதத்தை உடைத்துக் கசப்பாக்கும். பெட்டிப்பால் தேதிக்கு முன்பே கசந்தால் இதுதான் பெரும்பாலும் காரணம். புளிப்பு, கசப்பு, திரிதல் மூன்றில் எது வந்தாலும் யோசிக்காமல் ஊற்றிவிடுங்கள். கடைக்குப் பெட்டியோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். பெட்டி உப்பியிருந்தால் திறக்கவே வேண்டாம், சிங்கப்பூர் உணவு அமைப்புக்குச் சொல்லலாம்.

தைப்பூசத்தன்று பெருமாள் கோயிலிலிருந்து தேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில் வரை பால்குடம் எடுக்கிறவர்களில் சிலர் என்னிடம், "வெயிலில் பால் திரிந்தால் தெய்வக்குற்றமா?" என்று கேட்டதுண்டு. தெய்வத்துக்காகப் பேச எனக்குத் தகுதியில்லை. குடத்தை முதல்நாள் வெந்நீரில் நன்றாகக் கழுவிக் காயவைத்து, பாலை ஊற்றும் நேரம்வரை குளிரிலேயே வைத்திருங்கள் என்று மட்டும் சொல்லத் தெரியும். முந்தைய நாளின் மிச்சம் ஒரு துளி குடத்தில் ஒட்டியிருந்தாலும் அதிலுள்ள கிருமி வெயிலில் பெருகிவிடும்.

போன ஆண்டு எனக்கு இரண்டாவது பிள்ளை பிறந்தான். இந்த முறை ஒரே ஒரு பையை உறையவைத்து, எட்டாம் நாள் எடுத்தோம். அத்தை மோந்து பார்த்து, "அதே சோப்பு வாடைதான்" என்றார். நான் அடுப்பைப் பற்றவைக்க எழுந்தேன். "இரும்மா, முதல்ல அவன் என்ன சொல்றான்னு பார்ப்போம்" என்று போத்தலை அவன் வாயில் வைத்தார். பையன் ஒரு நொடி முகம் சுளித்தான். அப்புறம் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டுத் தூங்கிப்போனான்.